இருட்டில் மஞ்சள், வெளிச்சத்தில் ஊதா

நான்கு வகை முள்ளங்கி விதைகளை உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால் எது எதுவென்று சொல்ல முடியாது. எல்லாம் மிளகைவிடச் சிறியவை, எல்லாம் பழுப்பு. ஈரத்தில் விழுந்து நான்கைந்து நாள் ஆன பிறகுதான் குட்டு வெளிப்படும். 'டைகான்' என்கிற ஜப்பானிய வெள்ளை முள்ளங்கியின் நாற்றுக்கு வெள்ளைத் தண்டும் பச்சை இலையும். 'சைனா ரோஸ்' வகையில் இலை பச்சைதான், தண்டு மட்டும் ரோஜா நிறம். 'சாங்கோ', 'ராம்போ' வகைகளில் தண்டு, இலை, நரம்பு எல்லாவற்றிலும் நாவற்பழ ஊதா ஏறியிருக்கும். நான்கும் ஒரே இனம், ராபனஸ் சட்டைவஸ். நம் வீட்டுச் சாம்பாரில் மிதக்கிற முள்ளங்கியும் அதே இனம்தான்.

இப்படி முளைத்து, முதல் உண்மையான இலை தலைகாட்டும் முன்பே, தண்டோடு கத்தரித்துப் பச்சையாகத் தின்னும் நாற்றைத்தான் மைக்ரோகிரீன்ஸ் என்கிறார்கள். முளைகட்டிய பயறு வேறு. அதை வேர், தோல், விதை என எதையும் விடாமல் முழுசாகத் தின்கிறோம். அது இருட்டிலும் ஈரத்துணியிலும் இரண்டு நாளில் தயாராவது. மைக்ரோகிரீன் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் பார்த்து, வேரை மண்ணிலேயே விட்டுவிட்டு வருவது. இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயமாகவும் ஆகக்கூடும். அதைப் பின்னால் பார்ப்போம்.

வீட்டில் வளர்ப்பவர்கள் முதலில் முள்ளங்கியைத்தான் தொடுகிறார்கள். சீக்கிரம் முளைக்கும், விதை மலிவு, சன்னலோரம் இருந்தால் போதும். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. அதன் நிறமும் சரி, நாக்கில் ஏறும் காரமும் சரி, நமக்காக ஏற்பட்டவை அல்ல. மூன்று நாள் வயதுள்ள ஒரு செடி, தின்ன வருபவரிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடுகள் அவை. வெளிச்சம், பாரம், கத்தி, எலுமிச்சை ஆகியவற்றைக் கொண்டு அந்த ஏற்பாடுகளை நாம் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கலாம். சமையலறையில் இவ்வளவு சின்ன இடத்தில், இவ்வளவு சீக்கிரத்தில், இவ்வளவு தாவரவியல் வேறு எதிலும் கிடைக்காது. சத்தைப் பற்றிய பேச்சில் பாதிக்கு மேல் விளம்பரம்.

விதையில் தொடங்குவோம். கோளாறு நேர்ந்தால் உடம்பைப் பாதிக்கிற முதல் இடம் அதுதான். உரக்கடையில் கிடைக்கும் முள்ளங்கி விதை பெரும்பாலும் விதைநேர்த்தி செய்தது. திராம், கேப்டான் போன்ற பூஞ்சைக்கொல்லியைப் பூசி, பூசியது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இளஞ்சிவப்போ நீலமோ சாயமும் ஏற்றியிருப்பார்கள். உண்ணக்கூடாது என்ற எச்சரிக்கையும் பாக்கெட்டில் இருக்கும். நாற்பது, ஐம்பது நாள் வளர்த்துக் கிழங்கு பிடுங்குவதற்கு அந்த விதை சரி. ஒரு வாரத்தில் தண்டோடு வாயில் போடுவதற்கு ஆகாது, கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம் என்ற யோசனையும் வேண்டாம். நேர்த்தி செய்யாத விதை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வண்ணக் கீரைக்கு ஆசைப்பட்டு வண்ண விதையை வாங்கிவிடக் கூடாது.

தட்டுக்கு ஹோட்டல் பார்சல் டப்பாவே போதும், அடியில் சில துளைகள் போட்டால் ஆயிற்று. உள்ளே இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தென்னை நார்க்கழிவு. கடையில் 'கோகோபீட்' என்று கேட்டால் தருவார்கள். பொள்ளாச்சிப் பக்கம் செங்கல் செங்கலாக அழுத்திக் கட்டி உலகமெங்கும் அனுப்பும் சரக்கு அது. அதில் உப்பு தங்கியிருக்கலாம் என்பதால் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றிப் பிழிந்துகொள்ள வேண்டும். உரம் எதுவும் தேவையில்லை. முள்ளங்கி விதையின் இரண்டு விதையிலைகளுக்குள்ளும் எண்ணெயாகவும் புரதமாகவும் முதல் வாரத்துக்கான சாப்பாடு கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. செடி அதைத் தின்று முடிக்கும் முன் நாம் செடியைத் தின்றுவிடுகிறோம்.

இருபதுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் தட்டுக்கு ஏழு கிராம் விதை. ஒரு கிராமில் ஏறத்தாழ நூறு விதை இருக்கும் என்பதால் எழுநூறு செடிகள் என்று வைத்துக்கொள்ளலாம். நெருக்கம் அதிகம்தான், ஆனால் அந்த நெருக்கம் வேண்டும். பக்கத்துச் செடியின் நிழல் படும்போது ஒவ்வொன்றும் போட்டிபோட்டு உயரும், ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும். இதற்குமேல் கொட்டினால் காற்று புகாமல் அடித்தண்டு அழுகிச் சாயும்.

விதையைப் புதைக்க வேண்டியதில்லை. மேலே தூவி, தண்ணீர் தெளித்து, ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரு கிலோ அரிசிப் பையைத் தூக்கி வைத்துவிட வேண்டும். முளைக்கிற விதையின் தலையில் பாரம் ஏற்றுவது கொடுமையாகத் தோன்றும். இதன் காரணத்தைப் புரிந்துகொள்ள, 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போக வேண்டும். அங்கே திமித்ரி நெல்யூபோவ் என்ற இளம் தாவரவியலாளர் இருட்டறையில் பட்டாணி முளைக்கவைத்தார். ஆய்வுக்கூடத்துக்குள் முளைத்தவை குட்டையாகவும் தடித்தும், நிமிராமல் பக்கவாட்டில் படர்ந்தும் வளர்ந்தன. வெளிக்காற்றில் வைத்தவை ஒழுங்காக நிமிர்ந்தன. காற்றில் ஏதோ இருக்கிறது என்று தேடியவர், விளக்குக்கு எரித்த நிலக்கரி வாயுவில் கலந்திருந்த எத்திலீனைப் பிடித்தார். எத்திலீனைச் செடியே தயாரிக்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. முளைவிட்ட நாற்று மண்ணுக்குள் எங்காவது முட்டிக்கொண்டால் எத்திலீனை வெளியிடும். நீளுவதைக் குறைத்துக்கொண்டு தண்டைத் தடிக்கவைக்கும், முட்டித் தள்ளப் பலம் சேர்க்கும். மேலே வைத்த அரிசிப் பை அந்த மண்ணின் வேலையைச் செய்கிறது. இதனால் நாற்றுகள் ஒரே உயரத்தில் திடமாக எழும், வேர் மேலே எழும்பாமல் கீழே இறங்கும், விதைத்தோலும் உரசிக் கழன்றுவிடும். இரண்டாம் நாள் மாலையில் எழுநூறு முள்ளங்கிகள் சேர்ந்து தட்டையும் அரிசியையும் லேசாகத் தூக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

இந்த நேரத்தில் பலர் பதறிப்போய்த் தட்டையே குப்பையில் கொட்டிவிடுகிறார்கள். விதையைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு படர்ந்திருக்கும், பூஞ்சை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அது பூஞ்சை அல்ல, வேர்த்தூவி. பள்ளிக்கூடத்துத் தாவரவியலில் வேர்த்தூவியைக் காட்டுவதற்கு முள்ளங்கி நாற்றையே எடுப்பார்கள், அவ்வளவு அடர்த்தி. ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல்லின் நீட்சி. வேரின் பரப்பைப் பலமடங்கு பெருக்கித் தண்ணீரை உறிஞ்சுவது அதன் வேலை. சந்தேகம் இருந்தால் தண்ணீரை ஒருமுறை தெளியுங்கள். தூவி என்றால் வேரோடு ஒட்டிப் படிந்து மறைந்துவிடும். பூஞ்சை என்றால் போகாது. அது வேரை மட்டும் சுற்றாமல் சிலந்தி வலையாக விதைக்கு விதை தாவும், முகர்ந்தால் மக்கல் வாடை வரும். அந்தத் தட்டைக் கொட்டிவிடுவதுதான் நல்லது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது சாதாரணமாக நடக்கும். மின்விசிறிக் காற்று படும் இடத்தில் வைத்து, தண்ணீரை மேலிருந்து ஊற்றாமல் அடித்தட்டில் விட்டு உறிஞ்சவைத்தால் பெருமளவு தப்பிக்கலாம்.

மூடியைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது மஞ்சள். சாங்கோ விதை போட்டவருக்கு அது ஏமாற்றமாகக்கூட இருக்கும். முளைப்பாரி வளர்த்த ஊர்க்காரர்களுக்கு இந்த மஞ்சள் புதிதல்ல. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களுக்கு மண்சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, நவதானியம் விதைத்து, வெயில் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வருவார்கள். ஊர்வலத்தன்று சட்டிக்கு மேல் வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று பயிர் நிற்கும். வெளிச்சம் எட்டாத நாற்று, தான் இன்னும் மண்ணுக்கடியில் இருப்பதாகவே கணக்குப் போடுகிறது. பச்சையம் தயாரிப்பதில் செலவழிக்காமல், கையிருப்பை எல்லாம் தண்டை நீட்டுவதில் போட்டு மேலே வர முயல்கிறது. நுனியைக் கொக்கியாக வளைத்து வைத்திருப்பதும் அதற்காகத்தான். மென்மையான குருத்து நேராக மண்ணில் உரசாமல், வளைந்த தண்டு முன்னே போகும்.

மேலே வந்துவிட்டோம் என்பதைச் செடி எப்படி அறிகிறது? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்ற ஊரில் அந்நாட்டு வேளாண் துறையின் பெரிய ஆய்வு நிலையம் இருக்கிறது. 1952இல் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹெண்ட்ரிக்ஸ் இருவரும் அங்கே லெட்யூஸ் கீரை விதைகளின்மேல் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். சிவப்பு ஒளி பட்டால் விதை முளைத்தது. கண்ணுக்கு எட்டும் சிவப்பின் விளிம்பைத் தாண்டிய தொலைசிவப்பு ஒளியை அதன்பின் காட்டினால் முளைக்காமல் நின்றது. மாற்றி மாற்றிக் காட்டினால் கடைசியாகப் பட்டது எதுவோ அதன்படி நடந்தது. செடிக்குள் ஒரு ஒளி விசை இருக்கிறது என்பது உறுதியாயிற்று. பின்னர் அந்தப் புரதத்துக்குப் பைட்டோகுரோம் என்று பெயரிட்டார்கள். நம் தட்டின் மூடியைத் திறக்கும்போது நாம் செய்வது அந்த விசையைத் தட்டிவிடுவதுதான். கொக்கி நிமிரும். விதையிலைகள் விரியும். சில மணி நேரத்தில் பச்சை படரத் தொடங்கும், ஊதா வகைகளில் ஊதாவும் ஏறத் தொடங்கும்.

விதையிலைகளை உற்றுப் பாருங்கள். இதய வடிவம், நடுவில் ஒரு பிளவு, இரண்டும் சம அளவில் இல்லை. விதைக்குள் ஒன்றை ஒன்று போர்த்தி மடிந்து கிடந்ததில் வெளியே இருந்தது பெரிது, உள்ளே இருந்தது சிறிது.

சன்னலில் வைத்த தட்டில் எழுநூறும் ஒரே பக்கம் சாயும், திருப்பி வைத்தால் சில மணி நேரத்தில் மறுபக்கம் சாயும். டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் இந்தச் சாய்வைப் புல் நாற்றுகளில் ஆராய்ந்து 1880இல் நூலாக வெளியிட்டார்கள். நுனி ஒளியை உணர்கிறது, வளைவு கீழே நடக்கிறது, இடையில் ஏதோ சேதி போகிறது என்பது அவர்கள் முடிவு. அந்தச் சேதி ஆக்சின் என்கிற வளர்ச்சி ஹார்மோன், அது ஒளி படாத பக்கம் சேர்ந்து அந்தப் பக்கத்தை அதிகம் நீட்டுகிறது என்பது 1920களில் கொலோட்னியும் வென்ட்டும் தனித்தனியே சொன்ன விளக்கம். இன்றுவரை பாடநூல்களில் இருப்பது அதுதான். ஆனால் ஜப்பானில் கோஜி ஹசேகாவா குழுவினர் முள்ளங்கி நாற்றை எடுத்துக்கொண்டு வேறு வழியில் போனார்கள். ஒளி படுகிற பக்கத்தில் வளர்ச்சியை அடக்கும் பொருள் உண்டாகிறது, அதனால்தான் வளைகிறது என்றார்கள். அந்தப் பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் ராபனுசானின். முள்ளங்கிக்குக் காரம் தருகிற சேர்மம் எதிலிருந்து உடைந்து வருகிறதோ அதே மூலத்திலிருந்துதான் ராபனுசானினும் வருகிறது. பெரும்பான்மையினர் ஆக்சின் பக்கமே நிற்கிறார்கள். இருந்தாலும் நாக்கைச் சுடும் சரக்கும் தண்டை வளைக்கும் சரக்கும் ஒரே கிடங்கிலிருந்து வரலாம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது.

நிறத்துக்கு வருவோம். சைனா ரோஸின் ரோஜாவும் சாங்கோவின் ஊதாவும் ஆந்தோசயனின் என்கிற ஒரே குடும்பத்து நிறமிகள். பச்சையம் பசுங்கணிகத்துக்குள் சவ்வில் பதிந்திருப்பது. ஆந்தோசயனினோ செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழ்ப் பையில் தண்ணீரில் கரைந்து கிடப்பது. முள்ளங்கியின் சிவப்பு வகைகளில் பெரும்பாலும் இருப்பது பெலார்கோனிடின், ஊதா வகைகளில் சயனிடின். மூலக்கூறின் ஒரு வளையத்தில் முன்னதற்கு ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, பின்னதற்கு இரண்டு. ஓர் ஆக்சிஜன் அணுவின் கூடுதலில் ரோஜா ஊதாவாகிறது.

செடிக்கு இது எதற்கு? இளங்குருத்தில் ஒளிச்சேர்க்கை எந்திரம் இன்னும் முழுதாகக் கட்டி முடிக்கப்படவில்லை. அந்த நிலையில் வெயில் ஓங்கி அடித்தால், பயன்படுத்த முடியாத ஒளி செல்லைச் சேதப்படுத்தும். ஆந்தோசயனின் அந்த உபரி ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கிறது. மாந்தளிரும் அரசந்தளிரும் செம்பு நிறத்தில் மினுக்குவதற்கும் இதே காரணத்தைச் சொல்கிறார்கள். பூச்சிகளை ஏமாற்றத்தான் என்று வாதிடுகிறவர்களும் உண்டு, வழக்கு இன்னும் முடியவில்லை. நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: வெளிச்சம் கூடினால் நிறம் கூடும், குளிர் கூடினாலும் கூடும். ஊட்டியில் மார்கழியில் வளரும் சாங்கோவின் ஊதா, சென்னையில் சித்திரையில் வராது. சமவெளியில் இருப்பவர்கள் கடைசி இரண்டு மூன்று நாள் காலை வெயிலை இரண்டு மணி நேரம் காட்டலாம். மேற்கு வெயில் கூடாது, ஒரே பிற்பகலில் துவண்டுவிடும்.

இந்த நிறமிக்கு ஒரு குணம் உண்டு. அமிலத்தில் சிவக்கும், காரத்தன்மையுள்ள கரைசலில் நீலமும் பச்சையுமாக மாறும். இங்கிலாந்தின் ராபர்ட் பாயில் 1664இல் வயலட் பூச்சாற்றைக்கொண்டு இதை எழுதிவைத்தார். அமில காரச் சோதனைக்கு அடிப்படை போட்ட வேலை அது. நமக்குப் பழக்கமான ஆரத்தித் தட்டும் இதே வகைதான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறது, ஆனால் அங்கே சிவக்கவைப்பது காரம். முள்ளங்கியில் சிவக்கவைப்பது அமிலம். ஒரு பிடி சாங்கோவை இரண்டு சொட்டு வெந்நீர் விட்டு இடிகல்லில் நசுக்கிப் பிழியுங்கள். சாற்றை மூன்று கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் ஆப்பசோடா, ஒன்றைச் சும்மா விடுங்கள். வீட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அன்று மாலை வேறு வேலை நடக்காது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990களில் சிவப்பு முள்ளங்கியின் நிறமியை எடுத்து, பாட்டிலில் வரும் செர்ரிப் பழங்களுக்குச் செயற்கைச் சாயத்துக்கு மாற்றாக ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். நிறம் நன்றாகவே நின்றது. சர்க்கரையோடும் கரிம அமிலங்களோடும் பிணைந்திருப்பதால் முள்ளங்கியின் ஆந்தோசயனின் மற்ற பலவற்றைவிட உறுதியானது.

அடுத்தது காரம். இளந்தண்டு ஒன்றைக் கடிக்காமல் நாக்கில் வைத்தால் புல் மாதிரிதான் இருக்கும். கடித்த பிறகுதான் சுர்ரென்று ஏறும். முள்ளங்கியும் அதன் சொந்தக்காரர்களான கடுகு, முட்டைக்கோஸ், காலிபிளவரும் இரண்டு சரக்கைத் தனித்தனி அறையில் பூட்டிவைத்திருக்கின்றன. ஒன்று குளுக்கோசினோலேட் என்னும் கந்தகச் சேர்மம், மற்றொன்று மைரோசினேஸ் என்னும் நொதி. புழு கடித்தாலோ கத்தி பட்டாலோ சுவர் உடைந்து இரண்டும் கலக்கும், ஐசோதயோசயனேட் பிறக்கும். சிறு பூச்சிக்கு அது நஞ்சு, நமக்குத் துவையலின் சுகம். மிளகாயின் கேப்சைசின் நரம்பில் வெப்பத்தை உணரும் வாயிலைத் திறக்கிறது. கடுகெண்ணெயின் ஐசோதயோசயனேட் திறப்பது டிஆர்பிஏ1 என்ற இன்னொரு வாயிலை. 2021இல் மருத்துவ நோபல் பெற்ற டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்கூடம் 2004இல் இதை நிறுவியது. அதனால்தான் கடுகின் காரமும் மிளகாயின் காரமும் ஒன்றுபோல் தோன்றுவதில்லை.

சமையலில் இதன் சூட்சுமம் நொதியில் இருக்கிறது. நொதி புரதம், சூட்டில் செத்துப்போகும். கடுகை எண்ணெயில் பொரியவிட்டுத் தாளித்தால் காரமே இல்லாமல் மணம் மட்டும் மிஞ்சுவது இதனால்தான். அதே கடுகைப் பச்சையாகப் பொடித்து ஆவக்காயில் போட்டால் மூக்கில் ஏறுகிறது. முள்ளங்கி நாற்றும் அப்படியே. கொதிக்கிற ரசத்தில் போட்டால் காரமும் போச்சு, செல் சவ்வு வெந்து நிறமும் ரசத்தில் கரைந்து போச்சு. அடுப்பிலிருந்து இறக்கி, பரிமாறும் தட்டுக்கு வந்தபிறகு மேலே தூவுவதுதான் முறை. காரம் கூடுதலாக வேண்டுமென்றால் பொடியாக அரிந்து ஐந்து நிமிடம் விடுங்கள். குறைவாக வேண்டுமென்றால் அரியாமல் முழுசாகப் போடுங்கள்.

இனி சத்து. இந்தப் பரபரப்பின் ஆரம்பம் முள்ளங்கி அல்ல, ப்ராக்கோலி. 1997இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பால் டலாலே குழு, மூன்று நாள் ப்ராக்கோலி முளையில் முதிர்ந்த ப்ராக்கோலியைப்போல் பத்து முதல் நூறு மடங்கு குளுக்கோராபனின் இருப்பதாக வெளியிட்டது. அது உடைந்து வருவது சல்ஃபோராஃபேன். முள்ளங்கியில் அதன் நெருங்கிய உறவான சல்ஃபோராஃபீன்தான் வருகிறது. ஓர் இரட்டைப் பிணைப்பு வேறு என்பதால் இரண்டும் வேறு பொருள். ஒன்றின் ஆய்வு முடிவை இன்னொன்றின் பொட்டலத்தில் அச்சடிப்பது நியாயமில்லை. பிறகு 2012இல் மேரிலாந்து பல்கலைக்கழகமும் அதே பெல்ட்ஸ்வில் நிலையமும் சேர்ந்து 25 வகை மைக்ரோகிரீன்களின் வைட்டமின்களை அளந்தன. வைட்டமின் சியில் சிவப்பு முட்டைக்கோஸும், வைட்டமின் ஈயில் பச்சை டைகான் முள்ளங்கியும் முதலிடம் பெற்றன. முதிர்ந்த இலையைவிடப் பலமடங்கு என்ற செய்தி பத்திரிகைகளில் பரவியது அதிலிருந்துதான்.

அளவீட்டில் குற்றமில்லை. ஆனால் அது எடைக்கு எடை ஒப்பீடு. முள்ளங்கி முளையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 29 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு என்கிறது அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை. தோசைமேல் நாம் தூவுவது பத்து கிராம் இருந்தால் அதிகம், மூன்று மில்லிகிராம்கூடத் தேறாது. ஒரு கொய்யாப்பழம் அதைப்போல் பல பத்து மடங்கு தரும், விலையும் குறைவு. அரைக்கீரைக் கடைசலை ஒருவர் ஒரு கிண்ணம் சாப்பிடுவார். மைக்ரோகிரீனை யாரும் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடுவதில்லை, முள்ளங்கியின் காரத்துக்கு அது முடியவும் முடியாது. கொத்தமல்லித் தழையை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறோமோ அந்தக் கணக்கில் இதையும் வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும், பச்சை இலைகளில் வைட்டமின் கே உண்டு என்பதால், அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆபத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, அது 1996 ஜூலையில் ஜப்பானின் சகாய் நகரில் நடந்தது. பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஈ. கோலை ஓ157 என்ற கிருமி தாக்கியது, உயிரிழப்பும் நேர்ந்தது. சந்தேகம் 'கைவாரே' எனப்படும் டைகான் முள்ளங்கி முளையின்மேல் விழுந்தது. நாடெங்கும் விற்பனை சரிந்தது. அப்போதைய சுகாதார அமைச்சர் நவோட்டோ கான் தொலைக்காட்சிக் கேமராக்கள் முன் ஒரு கிண்ணம் கைவாரேயைத் தின்று காட்டினார். 2010இல் பிரதமரானவரும் அவரே. சந்தேகிக்கப்பட்ட பண்ணையில் கிருமி கிடைக்கவில்லை. வளர்த்தவர்கள் வழக்குப் போட்டு, அரசு அறிவித்த விதம் தவறு என்று தீர்ப்பும் வாங்கினார்கள். 2011இல் ஜெர்மனியில் நடந்தது இன்னும் மோசம். மூவாயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் நோயுற்று ஐம்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய்மீது பழி போட்டார்கள். கடைசியில் எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையின் முளையில் போய் நின்றது.

இரண்டும் முளைகள், மைக்ரோகிரீன்கள் அல்ல. விதையின் வெடிப்பில் ஒட்டியிருக்கும் சில கிருமிகளுக்கு, வெதுவெதுப்பான ஈர இருட்டில் இரண்டு நாள் என்பது கோடிகளாகப் பெருகப் போதுமான காலம். முளையை விதையோடு தின்னும்போது அத்தனையும் உள்ளே போகும். மைக்ரோகிரீனுக்கு வெளிச்சமும் காற்றும் உண்டு, விதைத்தோலையும் வேரையும் கீழே விட்டுவிடுகிறோம். ஆபத்து குறையும், இல்லாமல் போகாது. உரம் தேவையில்லை என்றேன், சாணி எரு கூடவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான், ஈ. கோலை ஓ157 வாழும் இடம் மாட்டின் குடல். தட்டையும் கத்தரிக்கோலையும் சோப்புப் போட்டுக் கழுவி, மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டி, தின்பதற்கு முன் குடிநீரில் அலசினால் வீட்டளவில் செய்யக்கூடியதைச் செய்துவிட்டோம். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சையாகத் தின்ன வேண்டாம். பயறு முளையை வேகவைத்துச் சுண்டலாகத் தாளிக்கும் நம் பழக்கம் இந்த விஷயத்தில் எல்லாரையும்விடப் புத்திசாலித்தனமானது.

வெட்டியதை உடனே பயன்படுத்துவதே நல்லது. மிச்சத்தைக் கழுவாமல், ஈரமில்லாமல், டப்பாவில் மெல்லிய துணி விரித்துக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்கும். பாசிப்பருப்புக் கோசுமல்லியில் எலுமிச்சை பிழிந்தபின் சாங்கோவைச் சேர்த்தால் நறுக்கிய விளிம்புகள் பளீரென்று சிவக்கும். தயிரில் அவ்வளவு இருக்காது, அதன் புளிப்பு எலுமிச்சையைவிட மிதம் என்பதால் நிறம் வெளிறும். ஆனால் தயிர்சாதத்துக்கு மாங்காயும் மாதுளையும் போடுகிறவர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம், காரத்துக்குத் தயிர் நல்ல துணை. சைனா ரோஸ் வெண்பொங்கலோடு ஒத்துப்போகிறது. முட்டை தோசைக்கு டைகான். சாலட் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் காட்டுவதெல்லாம் நம் வீட்டு இரவுச் சாப்பாட்டில் ஒட்டுவதில்லை, ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

வெட்டிய தட்டுக்குத் தண்ணீர் விட்டு வைத்தால் மறுபடி தழைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். முள்ளங்கி தழைக்காது. நாம் வெட்டுவது விதையிலைக்குக் கீழே உள்ள தண்டில். நுனி மொட்டும், விதையிலைக் கக்கத்தில் இருக்கும் பக்க மொட்டுகளும் வெட்டிய துண்டோடு போய்விடுகின்றன, மிச்சத் தண்டில் மொட்டே கிடையாது. பட்டாணியில் கதை வேறு. அதன் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், தரைக்கு ஒட்டினாற்போல் ஒன்றிரண்டு கணுக்களும் இருக்கும். அவற்றை விட்டுவிட்டு மேலே வெட்டினால் இரண்டாம் அறுவடையும் கிடைக்கும். முள்ளங்கித் தட்டை அப்படியே கவிழ்த்து, வேர் பின்னிய நார்க்கழிவைப் பிய்த்து மாடித்தோட்டத்து உரத்தொட்டியில் போட்டுவிட்டு, அடுத்த தட்டுக்கு விதை தூவ வேண்டியதுதான்.